ஓசூரில் பளபளவென்று துடைத்து வைத்த உலை

போன வருடம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலைகள் திறந்த முதல் நாள், சேலத்திலிருந்து ஓசூருக்குப் போனேன். என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்துக்காகத்தான். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மூடிய உலோகக் கலத்துக்குள் குறைந்த அழுத்தத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஊதாவாக ஒளிரும் பிளாஸ்மா கிடைக்கும். கூடவே அம்மோனியாவும் உருவாகும். அது வாயுவுக்கு நடுவில் அல்ல, கலத்தின் சுவரில்தான் உருவாகிறது என்பது என் கட்சி. ஓடுகிறவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள், டீக்கடையில் உட்கார்ந்தால்தான் பேச்சு, அணுக்களும் அப்படித்தான். என் பேராசிரியர் நம்பவில்லை. "ஆதாரம் கொண்டு வாம்மா, இல்லேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு" என்றுவிட்டார்.

காலை 5.10க்குப் பேருந்து, டிக்கெட் 160 ரூபாய். கிருஷ்ணகிரியில் பத்து நிமிடம் நின்றது. டீ 15 ரூபாய், வெறும் வெந்நீர். சூளகிரியில் லாரி நெரிசல், 8.40க்கு ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். டிரைவர் என்னிடம் கன்னடத்திலும் பக்கத்து அம்மாவிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு, சில்லறை மட்டும் தமிழில் கேட்டார்.

அங்கே நான் தேடிப் போன பட்டறையில், இதே இரண்டு வாயுக்களை வைத்துப் பற்சக்கரங்களைக் கெட்டிப்படுத்தும் பிளாஸ்மா உலை இருக்கிறது. அதை ஓட்டுபவர் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர் நாகராஜ் அண்ணன். முந்தைய மாதம் இதே உலையில் அம்மோனியா நிறைய வந்தது. அதை இன்னொரு முறை அளந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு ஓட்டினோம். அதே வாயு, அதே அழுத்தம், அதே மின்சாரம். அளக்கும் கருவியில் அம்மோனியா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மிஷின்ல எதையாவது மாத்துனீங்களாண்ணா?"

"ஒண்ணும் மாத்தல மேடம். பூஜைக்கு உள்சுவரை எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, பளபளன்னு தொடச்சு வச்சேன்."

"எல்லாரும் வெளியதானே தொடைப்பாங்க?"

"வேலை உள்ளதானே நடக்குது? வெளிய மட்டும் சந்தனம் வச்சா எப்படி?"

கோபத்தில் வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாறியது சுவர் மட்டும்தான்! அம்மோனியா வாயுவுக்கு நடுவில் உருவாகியிருந்தால், சுவரைத் தேய்த்ததால் குறைந்திருக்காதே. உலையை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னேன். மதியம் அவர் மனைவி கட்டிக்கொடுத்த ராகி களியில் பாதி எனக்கு வந்தது. சுவரில் அணுக்கள் படியப் படிய அம்மோனியா ஏறிக்கொண்டே போனது. நாலரை மணிக்குப் பழைய அளவு வந்துவிட்டது. அந்த ஏற்றம்தான் இப்போது என் நான்காவது அத்தியாயம்.

உலை பார்க்கப் போகிறவர்களுக்கு: முழு நாளை ஒதுக்குங்கள், மாலை ஐந்தரைக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டியதுதான். முக்கியமாக, யார் எதைத் துடைத்தார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"ஓட்டுனதுக்கா மேடம்?"

"இல்லண்ணா, தொடச்சதுக்கு."