ஒரு ஸ்தாயி மேலே

இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் மார்லென் அண்ணன் பெட்டிக்குள் வேலை செய்வார். உள்ளே இருநூறு வோல்ட் ஓடுகிறது. இரண்டு கைகளையும் உள்ளே விட்டால், தவறித் தொடும்போது மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும். "நெஞ்சு வழியா விடக்கூடாதுப்பா. அங்க ஏற்கெனவே சாய்ரா இருக்கா. ரெண்டும் சேர்ந்தா தாங்காது" என்பார்.

வலது கையில் ஒரு குச்சி இருக்கும். உடைந்துபோன கோமுஸ் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தின் முறுக்காணி அது. ஆப்ரிகாட் மரம், மின்சாரம் பாயாது. பழைய ரேடியோக்களில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றையும் அதன் நுனியால் லேசாகத் தட்டுவார். நல்ல வால்வு கண்டுகொள்ளாமல் இருக்கும். கெட்ட வால்வு தட்டியதையே பெரிதாக்கி, ஒலிபெருக்கி வழியாக மணி அடிக்கும். "இவன் கோள்மூட்டி. காதுல சொன்னதை ஊருக்கே சொல்றான்" என்று அதைப் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போடுவார். டப்பாவில் 'கோள்மூட்டிகள்' என்று எழுதியிருக்கும்.

அண்ணனின் வேலை, லிப்ட் பழுது பார்ப்பது. கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில், எட்டாவது வட்டாரத்தில் தளத்துக்குச் சமமாக வந்து நிற்கும் லிப்ட் எங்கள் கட்டடத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற கட்டடங்களில் ஒரு சாண் ஏறியோ இறங்கியோதான் வெளியே வர வேண்டும். வேலை நேரம் போக, ஏழாவது மாடியில் தன் வீட்டுக் கண்ணாடி பால்கனியில் உட்கார்ந்து கிட்டார்க்காரர்களுக்குப் பெடல் செய்கிறார். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கும் பெட்டி அது. மிதித்தால் கிட்டாரின் தெளிவான குரல் கரகரக்கும். கடையில் வாங்கும் பெடலிலும் கரகரப்பு உண்டு. ஆனால் வால்வின் கரகரப்பு, தொண்டை கட்டிய நல்ல பாடகனுடையதைப் போல இருக்கும்.

பெட்டியின் மூடிக்குக் கழித்துப்போட்ட லிப்ட் பொத்தான் தகடுகளை வெட்டிக்கொள்கிறார். மாடி எண்கள் அப்படியே இருக்கும். 1 இருந்த ஓட்டையில் சத்தத்தைக் கூட்டும் குமிழ், 2 இருந்த இடத்தில் கரகரப்பு, 3 இருந்த இடத்தில் குரலின் கனம். இதனால் எங்கள் ஊர் கிட்டார்க்காரர்களுக்கு ஒரு தனிப் பேச்சு வந்துவிட்டது. "டேய், ரெண்டாம் மாடியைக் கொஞ்சம் கூட்டு" என்று மேடையில் கத்துவார்கள். வெளியூர் ஆட்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பால்கனிக்குத்தான் இந்த ஆகஸ்டில் ஆபத்து வந்தது. அவர் மனைவி சாய்ரா அக்கா இசைப்பள்ளியில் கோமுஸ் சொல்லிக்கொடுக்கிறார். குளிர்காலத்துக்காக அவர் போட்ட வெள்ளரிக்காய், தக்காளி, ராஸ்பெரி ஜாம் எல்லாம் நாற்பது ஜாடிகளில் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. போன வருடம் ஒரு முட்டைக்கோஸ் ஜாடி கட்டிலுக்கடியிலேயே வெடித்து, இருவரும் எழுந்து ஓடினார்களாம். பால்கனியில் நாலு பலகை அலமாரி இருக்கிறது. ஜாடிகள் அங்கே போக முடியாது, அதில் முழுக்க அண்ணனின் பெட்டிகள்.

வியாழக்கிழமை மாலை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கல்யாண விருந்துகளில் வாசிக்கும் பெக்தூர் ஒரு பெடலைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ரெண்டாம் மாடியைக் கூட்டினா தேன்கூட்டுல கையை விட்ட மாதிரி இருக்கு. சனிக்கிழமை கல்யாணம். மணமக்கள் ஆடும்போது இது இரைஞ்சா அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"என் பெட்டி இரையாது. உன் கிட்டார் இரையும்."

"கிட்டாரைக் கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினார். இரைந்தது. சமையலறையிலிருந்து சாய்ரா அக்கா எட்டிப் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள அது வாயை மூடலைன்னா பால்கனி என் ஜாடிக்கு. பெக்தூர், நீ சாட்சி."

"சரி" என்றார் அண்ணன். அப்போதும் இடது கை பைக்குள்தான் இருந்தது.

வெள்ளி மாலை மறுபடியும் போனேன். நான் ஆறாவது மாடி. இரைச்சல் கூரை வழியாக எங்கள் வீட்டுக்கும் கேட்டது. பெக்தூர் கிட்டாரோடு காத்திருந்தான். அண்ணன் வால்வுகளை மாற்றிவிட்டார். கம்பிகளை முறுக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டார். குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் குத்திப் பார்த்தார். கண்டன்சரை மட்டும் தொடவில்லை. அதில் சீட்டுக்கட்டு டைமண்ட் போன்ற ஒரு முத்திரை இருந்தது. சோவியத் ராணுவத்துக்கென்று தேர்ந்தெடுத்த பொருள் என்று அதற்கு அர்த்தம். அந்த முத்திரை உள்ளதைச் சந்தேகப்படுவது அவருக்குத் தாயைச் சந்தேகப்படுவது போல.

சாய்ரா அக்கா பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் காதைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு நாளா ஒரே சுரம்! வசந்தத்துல ஒண்ணு இரைஞ்சதே, அதாச்சும் கீழ் ஸ்தாயியில கௌரவமா இரைஞ்சது. இது அதே சுரத்துல ஒரு ஸ்தாயி மேல ஏறிக் கத்துது."

அண்ணனின் குச்சி நின்றது. "என்ன சொன்னே?"

"காதை எடுக்குதுன்னு சொன்னேன்."

"இல்ல, ஸ்தாயி. பாடிக் காட்டு."

அக்கா முறைத்தபடியே முதலில் தாழ்வாக "ம்ம்ம்" என்றார். பிறகு அதையே மேலே ஏற்றி "ம்ம்ம்" என்றார். பெக்தூர் கிட்டாரில் சரிபார்த்துத் தலையாட்டினான்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேரடியாக எங்காவது ஒட்டிக்கொண்டால் தாழ்ந்த சுரத்தில் இரையும். பெட்டிக்குள் ஒருதிசையாக மாற்றிய மின்சாரத்தை அலையடிக்காமல் சமன்படுத்துவது கண்டன்சரின் வேலை. அது செத்துவிட்டால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அண்ணனுக்கு இது முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் அந்த முப்பது வருடமும் லிப்ட் மோட்டார் அறையில் கழிந்த காது, இரண்டையும் பிரித்தறியாது.

ப்ளக்கைப் பிடுங்கினார். மிச்சமிருந்த மின்சாரம் ஒரு குட்டி பல்பில் எரிந்து தீரும்வரை காத்திருந்து, டைமண்ட் முத்திரைக் கண்டன்சரைக் கழற்றினார். அடிப்பக்கம் உப்பு பூத்திருந்தது.

"ராணுவப் பொருள்" என்றார் நம்ப முடியாமல்.

"நாப்பது வருஷம் டப்பாவுக்குள்ளயே உக்காந்திருந்தா எந்தச் சிப்பாயும்தான் வத்திப்போவான்" என்றார் அக்கா.

'சீன மிட்டாய்' என்று அவர் கேலி செய்யும் புதுக் கண்டன்சர் ஒன்று மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அதை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ப்ளக்கை மாட்டினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ரெண்டாம் மாடியைக் கடைசிவரை திருப்பினார். கீழே யாரோ லிப்டைக் கூப்பிடும் சத்தம்தான் கேட்டது. பெக்தூர் ஒரு நரம்பைச் சுண்டினான். அது கரகரவென்று எழுந்து, நீண்டு, சுத்தமாக அடங்கியது.

"அக்கா, ஸ்தாயி சொல்லிக்கொடுத்து நீங்களே உங்க ஜாடியை ஒடைச்சுட்டீங்க!" என்று சிரித்தான்.

சாய்ரா அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "போகட்டும். கட்டிலுக்கடியிலயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அண்ணன் பெட்டியின் சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினார். அலமாரியைப் பார்த்தார். கீழ்ப் பலகை இரண்டிலும் டைமண்ட் முத்திரைக் கண்டன்சர்கள், டப்பா டப்பாவாக. இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பலகையைச் சட்டைக் கையால் துடைக்கத் தொடங்கினார்.