ஒரே சேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்த அமைச்சர்

கொடைக்கானல் மலையிலிருந்து டிவி படம் மதுரைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். நான் மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மனைவி பேரையூரில் பள்ளி ஆசிரியை. கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள். நான் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் அறையில் கிடந்தேன். பேரையூருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. யாரும் கேட்டு வாங்காத அந்த வறண்ட ஊரைக்கூட எனக்குத் தர அவர்களுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் புயல் நிவாரண நிதிக்காக ஒரு கலைநிகழ்ச்சி ஏற்பாடானது. சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வந்து படம் பிடிக்கப்போகிறார்கள் என்றதும் எங்கள் அமெச்சூர் நாடகக் குழுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சின்ன நையாண்டி நாடகம் தயார் செய்தோம். நான்தான் அமைச்சர். புயலில் வீடிழந்த ஓர் அம்மாளுக்குச் சேலை கொடுப்பேன். போட்டோக்காரர் ஃபிளாஷ் எரியவில்லை என்பார். சேலையைப் பிடுங்கி மறுபடி கொடுப்பேன். முகம் சரியாக விழவில்லை என்பார், மறுபடியும் பிடுங்குவேன். கடைசியில் போட்டோ நன்றாக விழுந்ததும் சேலையை மடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன்.

முன்வரிசையில் நிஜ அமைச்சர் உட்கார்ந்திருப்பார் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேடையேறிய பிறகுதான் பார்த்தேன். இறங்கி ஓட வழியில்லை, நடித்தேன். கூட்டம் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. பக்கத்திலிருந்த அதிகாரிகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் பிறகு சிரித்தார்கள். முடிந்ததும் அமைச்சர் என் தோளைத் தட்டி, எந்த ஆபீஸ் என்று விசாரித்தார். சொல்லித் தொலைத்தேன். தட்டியது பாராட்டவா, குறித்துவைத்துக்கொள்ளவா என்று எனக்கு விளங்கவில்லை. பேரையூர் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நிகழ்ச்சி டிவியில் வந்த அன்று மேலதிகாரி வீட்டு ஹாலில் பாதி அலுவலகம் உட்கார்ந்திருந்தது. அவர் அரங்குக்கு வந்திருக்கவில்லை. பாட்டு வந்தது, நடனம் வந்தது, பிறகு நான் வந்தேன். பணிவாகக் கும்பிட்டுச் சேலையைக் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே அடுத்த பாட்டு வந்துவிட்டது. பிடுங்கியது எதையும் காட்டவில்லை. மேலதிகாரி நெகிழ்ந்துபோய், அமைச்சரின் கருணையை அப்படியே கண்முன் நிறுத்திவிட்டீர்கள் என்று என் கையைக் குலுக்கினார். நையாண்டி செய்தேனா, ஜால்ரா போட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பேரையூர்.

அலுவலகம் இரண்டுபட்டது. நாடகத்தை அரங்கில் பார்த்தவர்கள் எனக்காகத் துக்கப்பட்டார்கள். தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்களே என்று பக்கத்து மேஜைக்காரர் காபி வாங்கிக்கொடுத்தார். டிவியில் பார்த்தவர்கள், கேட்ட ஊர் கிடைத்துவிட்டதே, ஒரு சேலைக்கு இம்புட்டு மவுசா என்று பொறாமைப்பட்டார்கள். மனுப் போட்டதால் கிடைத்திருக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அது நம்பும்படியாக இல்லை. சந்தோஷத்தைக் காட்டினால் உத்தரவை ரத்துசெய்துவிடுவார்களோ என்று பயம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே விடைபெற்றேன். மேடையில்கூட நான் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

பேரையூரில் பெட்டியை இறக்கி வைத்ததும் மனைவியிடம் நாடகத்திலிருந்து உத்தரவு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். இது தண்டனையா, பரிசா, மனுவுக்கு வந்த பதிலா? மேலிடத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"சேலை கைக்கு வந்துருச்சுல்ல," என்றாள். "போட்டோ சரியா விழுந்துச்சான்னு நீங்களே போய்க் கேக்காதீங்க."

ஓய்வு பெறும் வரைக்கும் நான் கேட்கவில்லை.