நல்லாக் கேட்கிற மருந்து

மெடிக்கல் ஷாப்பில் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவள் ஃபார்மசி படித்தவள், வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் டாக்டருக்குப் படித்தவர்கள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பல வருஷம் நின்று கால் வீங்கிய பிறகு நான் கண்டுபிடித்த உண்மை இது. உங்களில் யாராவது இதேபோல ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று குப்பை கொட்டுகிறவராக இருந்தால், இதற்குள் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

எல்லா மருந்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒரே ஒரு களிம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமைத் தடிப்பு என்று தோல் சிவந்து அரிக்கிறபோது டாக்டர் எழுதித் தருகிற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் போட்டால் தங்கமான மருந்து. ஆனால் நம்ம பக்கத்தில் 'மருந்து நல்லாக் கேட்குது' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் இதற்கு எமன். போட்ட ஒன்றிரண்டு நாளில் அரிப்பு அடங்கும். உடனே அந்த டியூபுக்கு 'நல்லாக் கேட்கிற மருந்து' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வீட்டில் யாருக்கு எந்த இடத்தில் என்ன வந்தாலும் அதே டியூப்தான். மருந்து கேட்கிறது, மனுஷர்கள்தான் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

காலிலிருந்து முகத்துக்கு

தலத்தெரு ஜெய்த்தூன் அம்மாவுக்குக் கணுக்காலில் கரப்பான். தோல் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து முறையாக வாங்கினார். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று சீட்டில் இருந்ததை நானும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கரப்பான் அடங்கிவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் மத்தியானம் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வந்து, எங்கள் முதலாளி பாயிடம் அவர் டியூப் டியூபாக வாங்கிப் போயிருக்கிறார். ஒருநாள் நான் சீக்கிரம் திரும்பி வந்ததில் அகப்பட்டுக்கொண்டார். கால் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டேன். கால் எப்போதோ சரியாகிவிட்டதாம். மகள் சபீனாவுக்குக் கன்னத்தில் தேமல் மாதிரி இருந்ததாம், அங்கே தடவினார்களாம், தேமல் போனதோடு முகமே வெளுத்துப் பளபளவென்று ஆகிவிட்டதாம். பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை, அவர் லீவில் வருகிற வரைக்கும் தினம் ராத்திரி முகம் முழுக்கப் பூசிக்கொண்டு படுக்கச் சொல்லியிருக்கிறார்.

கால் தோல் தடிமன், முகத் தோல் வெங்காயச் சருகு மாதிரி, காலுக்கு எழுதிய மருந்தை முகத்தில் போட்டால் தோலை மெலிய வைத்துவிடும், பெண் கண்ணாடி பார்க்கவே பயப்படுகிற நாள் வரும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்தார். "காலுக்கே இப்படிக் கேக்குதுன்னா, முகத்துக்கு எப்படிக் கேக்கும்னு பாருங்க ராஜி."

கூட்டு டியூப்

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் வருவார். விசைப்படகில் வேலை. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிய துணியோடு நிற்கிற உடம்பு, இடுப்பைச் சுற்றி அரிப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. யாரோ கொடுத்த ஸ்டீராய்டு டியூபைத் தடவியிருக்கிறார், அரிப்பு ஓடிப்போய்விட்டது. நல்லது தனக்கு மட்டும் என்று நினைக்கிற ஆளில்லை அவர். டியூபைப் படகிலேயே வைத்துவிட்டார். வலை இழுக்கிறவர், இன்ஜின் பார்க்கிறவர், சமைக்கிறவர் என்று அத்தனை பேரும் ஒரே டியூபைப் பிதுக்கியிருக்கிறார்கள்.

அவருக்கு இருந்தது படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டைப் போட்டால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சைக்கு மட்டும் விருந்து வைத்த மாதிரி. அவர் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது இடுப்பில் ஆரம்பித்தது முதுகு வரைக்கும் வளையம் வளையமாக ஏறியிருந்தது. இதைப் போட்டே கெடுத்துக்கொண்டீர்களே, இனி ஒரு பொட்டுக்கூட வைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டிப் பூஞ்சைக்கு மருந்து எழுதி வாங்கி வாருங்கள், படகில் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கத்தினேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. மருந்தைக் குறை சொல்கிறேனே என்ற வருத்தத்தில் எனக்குப் பொறுமையாக விளக்கினார்: "அரிப்பு சுத்தமா நின்னுடுச்சு மேடம். படை மட்டும்தான் பரவுது."

எல்லை தாண்டி வந்தவர்

காரைக்காலுக்கு நாலா பக்கத்திலிருந்தும் எதற்காக ஆள் வருகிறார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர், கையில் இருந்த பையில் பாட்டில்கள் கலகலக்க, எங்கள் கடைக்கும் வந்தார். தொடை இடுக்கில் அரிப்பு, இருப்பதிலேயே பவரான டியூபாக ஒன்று வேண்டும் என்றார். சீட்டைக் கேட்டேன். இடுக்கில் தோல் மெலிசு, மருந்து அங்கே அதிகமாக உள்ளே இறங்கும், டாக்டர் பார்க்காமல் போட்டால் வரிவரியாகத் தோல் பிளந்துவிடும், அப்புறம் அந்தக் கோடு ஆயுசுக்கும் போகாது என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னையும் கடைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது போல. "காரைக்கால்ல வந்து சீட்டு கேக்குறீங்களே, இதுக்கு நான் எங்க ஊரு கடையிலயே திட்டு வாங்கியிருப்பேனே."

பிரிட்ஜில் வைத்த பயம்

அதிகமாகப் போடுகிறவர்களைப் பார்த்து வருகிற கோபம் ஒரு வகை. போடவே பயப்படுகிறவர்களைப் பார்த்து வருவது இன்னொரு வகை. அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். தேங்காயெண்ணெய் கேட்டாள். குழந்தையின் முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் கரப்பானில் வெடித்து, சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்திருந்தது. டாக்டரிடம் காட்டவில்லையா என்றேன். காட்டியிருக்கிறாள். பவர் குறைந்த ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கியும் விட்டாள். அதற்குள் அவள் வீட்டுக்காரர் போனில் எவனோ அனுப்பிய வீடியோ வந்துவிட்டது, ஸ்டீராய்டு என்றாலே கிட்னி போய்விடும் என்று. டியூபை மூடி திறக்காமல் பிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறது.

அந்த வீடியோ எடுத்த புண்ணியவானைக் கவுண்டருக்கு முன்னால் நிறுத்தி அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன், டாக்டர் எழுதியது சரியாகத்தான் இருந்தது. என் ஆள்காட்டி விரலைக் காட்டினேன். நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் டியூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால், அது பெரியவர்களுடைய இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். குழந்தையின் மடிப்புகளுக்கு அதில் பாதிகூட ஆகாது. சிவந்த இடத்தில் மட்டும் மெலிசாகத் தடவிவிட்டுக் கையைக் கழுவிவிடு, மேலே துணி சுற்றாதே, சொன்ன நாள் முடிந்ததும் மறுபடி டாக்டரிடம் காட்டு என்றேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கைமடிப்பு ஆறியிருந்தது. அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. "இத்துனூண்டு போட்டா போதும்னு அப்பவே சொல்லியிருந்தா போட்டிருப்பேங்க. எல்லாரும் பயத்தைத்தான் சொன்னாங்க, அளவை ஒருத்தரும் சொல்லலைங்க."

நிறுத்தினால் எரிகிறது

சில மாதம் கழித்து ஜெய்த்தூன் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சபீனா முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். விலக்கச் சொன்னேன். கன்னம் இரண்டும் சுட்ட மாதிரி சிவந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. தாடையில் பருக்கள். காதோரத்தில் பூனைமுடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. வெயிலில் இறங்கினால் எரிகிறதாம். ஒருநாள் போடாமல் விட்டால் அதைவிட எரிகிறதாம், அதனால்தான் இன்னும் பவரானதாக ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார்.

இது மருந்து இல்லாததால் வந்த எரிச்சல் இல்லை, மருந்தாலேயே வந்தது என்று சொன்னேன். இனிமேல் உங்கள் இஷ்டத்துக்குத் தொடரவும் கூடாது, இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது, இன்றைக்கே தோல் டாக்டரிடம் போங்கள் என்றேன். டியூப் தர முடியாது என்றும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர், அது இது என்று அலைந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்து கல்யாணமே நின்றுவிடும், கூட்டத்தில் வைத்துப் பெண்ணின் மானத்தை வாங்குகிறாயே என்று ஜெய்த்தூன் அம்மா கண் கலங்கி, மகளை இழுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அங்கே கேள்வியே கேட்காமல் கொடுத்தார்கள். கவுண்டரிலிருந்து நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

முதலாளி பாய் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த முகம் தன் கையால் கொடுத்த டியூபால் ஆனதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடை சாத்துகிற நேரத்தில் வெளியே நின்று, தெரிந்த மெடிக்கல் ஷாப்புக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டார். கடைசியாக எதிர்க் கடைக்காரரிடம் பேசியது மட்டும் என் காதில் விழுந்தது. "யாவாரத்துக்காக சொல்லலை மச்சான், நானும் வித்தவன்தான். அந்தப் புள்ளைக்கு மட்டும் இனிமே குடுக்காதீங்க."

சபீனா தனியாக வந்தாள்

ஒரு மழை நாளில், கடை காலியாக இருந்தபோது சபீனா மட்டும் வந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் பெரியம்மா மகளோடு தோல் டாக்டரிடம் போய்வந்திருக்கிறாள். பவர் குறைந்த மருந்தாக மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த எழுதியிருந்தார். வெயிலில் போகக் கூடாது, கண்ட க்ரீமும் பூசக் கூடாது. நடுவில் முகம் இன்னும் மோசமாகும், பயந்துபோய்ப் பழைய டியூபைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே மோசமாகிக்கொண்டிருந்தது. நிக்காஹ் நெருங்கிவிட்டது. கல்யாணம் வரைக்கும் மட்டும் தடவிக்கொள், அப்புறம் நிறுத்தலாம் என்று அம்மா தினமும் அழுகிறாராம். அவள் சீட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "உம்மா வந்து எவ்ளோ அழுதாலும் குடுக்காதீங்க அக்கா. நானே வந்து அழுதாலும் குடுக்காதீங்க."

மாப்பிள்ளை என்ன சொன்னார்

அதற்கப்புறம் நான் ஒவ்வொரு நாளும் கல்யாணம் நின்றுவிட்டது என்ற சேதி வருமோ என்று பயந்துகொண்டேதான் கடை திறந்தேன். அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். எந்த ஃபில்டரும் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், சிவப்பும் பருவுமாக இருந்த முகத்தை அப்படியே படம் எடுத்து, என்ன நடந்தது என்பதையும் எழுதி, துபாய்க்கு அனுப்பிவிட்டாள். பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் அம்மாவும் மகளும் சாப்பிடவில்லையாம்.

அடுத்த தடவை மருந்து வாங்க வந்தவளின் முகத்தில் எரிச்சல் குறைந்திருந்தது, முந்தானை தோளில் கிடந்தது. மாப்பிள்ளை என்னதான் சொன்னார் என்று கேட்டேன். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லையாம், உடம்பைப் பார்த்துக்கொள், தேதி மாறாது என்றாராம். நான் அப்பாடா என்று உட்கார்ந்தேன். முதலாளி பாய் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபீனா மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள், இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. சொல்லும்மா என்றேன். "அவங்களுக்கும் கழுத்துல ரொம்ப நாளா அரிக்குதாம் அக்கா. நீ போடாம வச்சிருக்கிற அந்த டியூபைத் தூக்கிப் போட்டுடாத, நான் வந்து தடவிப் பாக்குறேன்னாங்க."

பெண்ணை ஒருவழியாகக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தால் மாப்பிள்ளை வந்து கவுண்டரில் நிற்கிறார், எங்கள் தொழிலில் ஆள் குறைப்பே கிடையாது என்று சொல்வது இதனால்தான்.