தேசம்மாவுக்காகத் திறந்த பின்கேட்

தேசம்மா சென்ற செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கக் குடிசைப் பகுதியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியான செல்வி, நான் கடை திறக்கும் நேரத்துக்கு ஓடிவந்து சொன்னாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவள் அடுத்துக் கேட்டது இது: “அண்ணா, கோடவுன விக்கப் போறீங்களாமே. மழ வந்துகினே கீது. அந்தப் பின்கேட்டு இன்னா ஆவும்?”

சாவு வீட்டிலிருந்து வந்தவள் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அதே கேள்விதான். அந்த நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் பொதுக் கழிப்பறைத் தொட்டியை இறைக்க வரும் லாரிக்கு என் கோடவுன் வழியாக மட்டுமே பாதை. அதற்குப் பத்திரம் கிடையாது. தேசம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சுதான். பேசிய இருவரில் ஒருவர் போய்விட்டார்.

நம் கடைத்தெருவில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. நான் முதலில் வாங்கியது எண்பதுகளின் நடுவில். டைல்ஸ் வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்து, கடன் வாங்கி அந்தக் கோடவுனைக் கட்டியிருந்தேன். பின்சுவர் ஓரத்து முட்புதர்தான் அந்தப் பெண்களுக்கு ஒதுங்குமிடம். நாற்றம் பொறுக்காமல், விற்காமல் கிடந்த சாமி பட டைல்ஸை எடுத்துச் சுவர் நெடுக ஒட்டிவிட்டேன். பிள்ளையார், மாதா, மசூதி, ஒன்றையும் விடவில்லை.

மூன்றாம் நாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது தேசம்மா வந்தார். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலிக்கிற வேலை. தலையெல்லாம் கரி.

“இன்னா மொதலாளி, எல்லாச் சாமியையும் நிக்க வெச்சிட்ட. நல்லா கீது. எங்க ஊட்டுப் பொம்பளைங்க எங்க போவாங்கன்னு அந்தச் சாமியாண்ட கேட்டியா?”

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இப்போ ரோட்டத் தாண்டிப் போறாங்க. நேத்து லாரிக்காரன் ஒருத்தன் ஒரு பொண்ணு கையப் புட்சி இஸ்துட்டான். செவுத்துல ஒட்டத் தெரிஞ்சவனுக்கு ரூம்பு கட்டத் தெரியாதா?”

கழிப்பறையைக் கட்டியது நானல்ல, அவர்கள். வீட்டுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் வெட்டினார்கள். விளிம்பு பெயர்ந்த பேசின்களை நான் பாதி விலைக்குக் கொடுத்தேன். சும்மா கொடுத்தால் தேசம்மா வாங்கமாட்டார். பட்டா இல்லாத இடம், எவனாவது இடித்துவிடுவான் என்று ஓடு போடுகிற அன்றுவரை எல்லோருக்கும் பயம். தளவாடத்துக்குப் பணம் தருகிறேன், வாசலில் என் பெயரை எழுதுங்கள் என்று உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். தேசம்மா மறுத்துவிட்டார். “பேரு எழுதுனா, இவன் தோத்த அன்னிக்கி அடுத்தவன் வந்து இடிப்பான். கக்கூசுக்கு எதுக்கு நைனா பேரு?”

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று தொட்டியைக் கடைசி மூலையில், என் சுவரை ஒட்டித் தோண்டிவிட்டார்கள். சந்தில் சைக்கிள்தான் போகும். தொட்டி நிறைந்தால் லாரி எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. சாமான் விற்ற நானும் யோசிக்கவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் தொட்டி பொங்கியது. சுவரை இடித்து லாரிக்கு வழி விடு என்று தேசம்மா வந்து நின்றார். நான் இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன்: ஒருமுறை விட்டால் அது வழக்கமாகும், வழக்கம் உரிமையாகும், இடத்தின் மதிப்பு போகும் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு நாளில் செல்வியின் குழந்தையை வாந்திபேதி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது.

தேசம்மா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் செல்வியின் வீட்டுக்குள் கூட்டிப்போனார். முழங்கால் அளவு தண்ணீர். “இதுல நில்லு. அப்பால பேசு.” நின்றேன். அன்று மாலைக்குள் கொத்தனார் சுவரை உடைத்துவிட்டார்.

உடைத்த இடத்தில் கேட் வைத்தபோது, வழியைப் பத்திரமாக எழுதிக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். “பேப்பருன்னா ஒம்புள்ளைங்க வக்கீலாண்ட போவாங்க. பேச்சுன்னா நான் ஒன்னாண்ட வருவேன். எது உனுக்குப் பேஜாரு, நீயே சொல்லு” என்றார். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் முன்னால் கடை வாசலில் வந்து நிற்பார். நான் சாவியை எடுப்பேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது பயம்தான். மழை வலுத்தால் சரக்கு நனையுமே என்று பயந்தவன், இப்போது அந்தத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கும் என்று பயப்படுகிறேன். இடத்தை வாங்குகிறவருக்கு அந்தப் பயம் வராது. அவர் அந்தத் தண்ணீரில் நின்றவரல்ல. வாசலில் வந்து நிற்க இனி தேசம்மாவும் இல்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சை மீறினேன். வழியை எழுதினால் விலை போகாது என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். வாங்குகிறவரும் அதையேதான் சொன்னார். மூன்று நாள் இழுத்து, நேற்று பேச்சு முடிந்தது.

முன்வாசலிலிருந்து பின்கேட் வரை பத்தடி அகலத்துக்கு எதுவும் கட்டக்கூடாது. லாரி வரும் நாளில் தடுக்கக்கூடாது. பின்கேட்டின் ஒரு சாவி செல்வியிடம் இருக்கும். மறுபடி விற்றாலும் இது செல்லும். இத்தனையும் கிரயப் பத்திரத்திலேயே வரும். இதற்காகக் கிரவுண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தேன்.