குழைய வடித்த சோறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது மறக்கிறது. மனதில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது, சம்பங்கி போட்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் புகையிலைப் பழக்கம். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது, அது புண்ணானது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். கரண்டு வைத்தார்கள். மிஷினுக்குக் கீழே படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கருக்கலில் பூ எடுத்துத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டு, மாட்டைக் கறந்து, கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவரோடு பஸ் ஏறுவேன். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வீட்டு வேலை முழுக்க மகள் தலையில்தான். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். என் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கி லேசாக ஆட்டிப் பார்ப்பாள். நாளாக நாளாக அது கனமாகவே வீடு திரும்பியது.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் அவரை வாயைத் திறக்கச் சொல்லி விரல் வைத்துப் பார்ப்பார். முதலில் மூன்று விரல் நுழைந்தது. பிறகு இரண்டு. வீட்டில் கண்ணாடி முன் நின்று அவரே விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார். நான் வருவது தெரிந்தால் மீசையைத் தடவுவது போலக் கையை இறக்கிவிடுவார். ஆவணியில் ஒரு விரல் நுழைவதே பாடாக இருந்தது.

அப்போதுதான் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மகளுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன்னால் ஒரு இடம், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், இவர் சீக்கைக் கேள்விப்பட்டுத் திரும்பவே இல்லை. அந்த ரத்தம்தானே பெண்ணுக்கும் என்றார்களாம். அதனால் இவர்களிடம் பல்லில் கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். தையில் கல்யாணம் என்று பேச்சு. நல்ல நாளில் கை நனைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண் வீட்டில் அவர்கள் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆனால் இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"பழனிக்கு மாலை போட்டுருக்கான், இன்னைக்கு ஒரு பொழுதுன்னு சொல்லிருவோம்" என்றார் அவருடைய அக்கா, என் மதினி.

இவர் தலையை ஆட்டினார். பேச்சு குழறும், எங்களுக்குத்தான் புரியும். "முருகன வச்சுப் பொய் வேணாம்க்கா. நான் ஒக்காருறேன்." என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, நல்லாக் குழைய வடி."

அவருக்கு மட்டும் குழைந்த சோற்றைப் போட்டால் பக்கத்து இலைக்குத் தெரிந்துவிடும். எல்லாருக்கும் சேர்த்தே குழைய விட்டேன். சாம்பாரில் மிளகாயையும் குறைத்தேன். மதினி பானையைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஏத்தா, சம்பந்திக்கு விருந்து வைக்கிறியா, கோயில்ல கூழு ஊத்துறியா? அம்புட்டும் களி மாதிரி கெடக்கு!"

"இருக்கட்டும் மதினி. என்னையத்தான வைவாக, வஞ்சுட்டுப் போகட்டும்."

பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் முதல் வாயிலேயே சிரித்துவிட்டார். மார்க்கெட்டில் காய்கறி ஏலம் போடுகிறவர், குரல் பெரிது.

"ஏனுங்க சம்பந்தி, உங்க ஊருல அத்தன பேருக்கும் பல்லு கொட்டிப் போச்சுங்களா? சோறு மெல்றதுக்கு வேலையே வெக்கலீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒரு பக்கம்தான் போனது. கோலிக்குண்டு அளவு சோற்றை எடுத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுவார். துண்டால் வாயை ஒற்றுவார். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிய பிறகு துண்டின் ஓரம் சிவந்தது. அதை மடியில் சுருட்டிக்கொண்டார். அடுத்த வாய் சோற்றைத் தள்ளும்போது வாயிலிருந்து சிவப்பாக இலையில் வடிந்தது. சட்டென்று இலையை மடித்துவிட்டார்.

மற்றவர்கள் எழுந்ததும் நான் ஓடிப்போய் அந்த இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். திரும்பினால், மாப்பிள்ளையின் தாயார் நிற்கிறார். அவர் பந்தியில் உட்காரவே இல்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்று அடுப்படியில்தான் இருந்தார்.

"எங்க அண்ணனுக்கு நானும் இப்படித்தானுங்க சோறாக்குனேன்" என்றார். "கரண்டு வெச்சாச்சுங்களா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். போச்சு, என் பிள்ளையின் வாழ்வு இந்தக் கொல்லையிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் சத்தத்தைத் தணித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கறேனுங்க. பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு, அதுல மாத்தமில்லீங்க. ஆனா தை வேண்டாமுங்க. ஐப்பசியிலயே வெச்சுக்கலாம்."

"டாக்டர் இன்னும் கரண்டு வச்சுப் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தானுங்க சொன்னாங்க."

என் பதிலுக்காக நின்றார். சரி என்று சொன்னால் இவர் தை வரைக்கும் இருக்க மாட்டார் என்று நானே என் வாயால் சொன்னது மாதிரி. வேண்டாம் என்று சொல்லி, இடையில் ஏதாவது ஆகிவிட்டால், துக்கம் கழியக் கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப் போகும். அப்புறம் யார் காத்திருப்பார்கள்? உள்ளே மகள் வளையல் சத்தம் கேட்டது, சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு டம்ளரில் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் போன பிறகு இவரிடம் சொன்னேன். "கல்யாணத்த ஐப்பசியிலயே வச்சுக்கலாமாம். மழைக்கு முந்தி முடிச்சுருவோம்னு சொன்னாக."

"ஐப்பசியிலதான புள்ள மழையே" என்றார்.

நான் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன். அவர் பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. மறுநாள் பந்தலுக்குச் சொல்ல அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

முகூர்த்தத்தன்று நல்ல மழை. சால்வையை முகம் வரை போர்த்திக்கொண்டு மணையில் உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்குப் பால்கூட இறங்கவில்லை. அவர் மார்கழி தாண்டவில்லை. தை பிறந்தபோது மகள் புகுந்த வீட்டில் பொங்கல் வைக்காமல் என்னிடம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இதில் கை நனைத்தது ஆவணி முதலிலா கடைசியிலா, கல்யாணம் ஐப்பசியா கார்த்திகையா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. மழை பெய்தது மட்டும் நிச்சயம். மகளின் மாமியாருக்கு என்னைவிட ஞாபகம் நன்றாக உண்டு. யாராவது அவரிடம் இதைப் படித்துக் காட்டி, பிசகு இருந்தால் திருத்திவிடுங்கள்.