அண்ணனின் இடது கையும் கனத்துப்போன ஸ்டியரிங்கும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணியார் என்னிடம் சொன்னார்கள். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அவருடைய கடைசி ஒரு மாதத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் மலையாள எல்லையோரம் உள்ள எருத்தேன்பதியில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு மூன்று. பிறர் நிலம் நான்கு ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுது எங்களைக் காப்பாற்றினார். அந்த நான்கு ஏக்கரும் எங்களுக்கே என்று சர்க்கார் பட்டயம் கிடைத்த அன்று கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையைத் துடைக்காமலே வீடு வந்து சேர்ந்தார். "தம்பி, இந்த ஊட்டுல கைநாட்டு என்னோட முடிஞ்சுது" என்றார். என்னைச் சித்தூர்க் கல்லூரிவரை படிக்க வைத்தார். கோபமே அறியாதவர் என்று எழுதினால் அது பொய். கோபம் வரும். அதை மாட்டிடமும் டிராக்டரிடமும் காட்டுவார், மனிதரிடம் காட்டியதில்லை.

அந்த டிராக்டர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து பழசாக வாங்கியது. சீமை வண்டி, பவர் ஸ்டியரிங் உள்ளது. பம்பின் எண்ணெய் அழுத்தம் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கும். சென்ற ஆண்டு ஆடி உழவில் ஸ்டியரிங் கனத்துப்போயிற்று. வளைத்தால் முனகும், வளையாது. அண்ணன் வலது கையைக் கலப்பை தூக்கும் லிவரில் வைத்துக்கொண்டு, இடது கையாலேயே ஓட்டுவார். ஆகவே இடது தோளிலிருந்து முழங்கைவரை வலிக்கிறது என்று அவர் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. "எருமையக் கவுறு போட்டு இழுக்கற மாதிரி இருக்குது. வலிக்காம என்ன பண்ணும்?" என்று அவரே சிரித்தார்.

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அதன்படி முதலில் முன் டயர்களில் காற்றுப் பார்த்தோம். குறைவாக இருந்தது, அடித்தோம். கனம் போகவில்லை. எண்ணெய்த் தொட்டியில் பாதிதான் இருந்தது. குழாய் மூட்டில் கசிவு. முடுக்கி, எண்ணெய் ஊற்றினோம். நுரைத்தது. உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது புத்தகம். நான் படித்தேன், அண்ணன் திருப்பினார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. நடுவில் நிறுத்தி மார்பைத் தடவினார்.

"ஏனுங்ணா, போதுங்களா?"

"புஸ்தகத்துல எத்தன வாட்டி போட்டிருக்குது?"

"நுரை நிக்கற வரைக்கும்னு போட்டிருக்குதுங்ணா."

"அப்பறம் என்ன கேள்வி? படிச்சவன் சொன்னாச் செய்யோணுமல்லோ."

நுரை நின்றது. கனம் அப்படியே இருந்தது.

பிறகு கொழிஞ்சாம்பாறையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் வந்தார். பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தது. பம்பைக் கழற்றினார். வால்வு ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. கோயம்புத்தூரில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் எருமைக்கு லீவு குடுங்க. உங்க கையும் கொஞ்சம் தூங்கட்டும்."

"மழை எனக்கு லீவு குடுக்குமா பாய்?" என்றார் அண்ணன்.

பம்பை அப்படியே திரும்ப மாட்டச் சொல்லி, அந்த மூன்று வாரமும் அண்ணன் கனத்த ஸ்டியரிங்கோடே கடலைக்காட்டை உழுதார். மாலையானால் அண்ணியார் தோளில் தைலம் தேய்ப்பார்கள். ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அண்ணன ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இது சரியாப் படலீங்க" என்றார்கள்.

"ஸ்பிரிங் வந்துட்டாச் சரியாயிருமுங்க அண்ணி. நோவு கையில இல்லீங்க, வண்டியிலதான் இருக்குது" என்றேன்.

ஸ்பிரிங் வந்தது. பாய் மாட்டிக் கொடுத்தார். அண்ணன் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் களத்தைச் சுற்றிவந்தார். "என்னங்க, எருமை கன்னுக்குட்டி ஆயிருச்சா?" என்று பாய் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அண்ணனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை பாதி உழவில் வண்டியை நிறுத்திவிட்டு, வரப்பில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, வண்டி சரியாப் போச்சு. கை மட்டும் அப்பிடியேதான் இருக்குது."

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எத்தனை நாளாக என்று கேட்டார். "ஸ்டியரிங் கெட்டதிலிருந்து" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, அது இருதயத்து வலி, ஒரு மாதமாகக் கையில் தெரிந்திருக்கிறது என்றார். மறுநாள் அண்ணன் போய்விட்டார். நாற்பது வயது நிறையவில்லை.

கோளாறுகளுக்கென்று அந்தப் புத்தகத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. ஓட்டுகிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் தோன்றவில்லை. வண்டி கொட்டகையில் நிற்கிறது. ஒரு விரலுக்குத் திரும்பும். அதில் ஏறி உட்கார என்னால் முடியவில்லை. முடியும் என்றும் தோன்றவில்லை.

அன்று காரில் ஏற்றிச் சென்ற பக்கத்துத் தோட்டத்தாருக்கும், நின்றுபோன உழவை முடித்து விதைத்துத் தந்த ஊராருக்கும், பதினாறாம் நாள் வந்து வண்டியின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர், பள்ளிக்கூடம் பார்த்திராத அண்ணியார். தடுத்தவன் படித்தவன். இதை மட்டும் அச்சில் போட வேண்டாம் என்றார்கள் அண்ணியார். அவர்கள் சொல்லை இரண்டாம் முறையும் நான் கேட்கவில்லை.

தம்பி