விளக்குக்காரியின் ஏழாம் பாகம்

எங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சூரியனே கிளம்பும். உலகத்தில் பிறந்த, இனி பிறக்கப்போகிற வீரர்கள் அத்தனை பேரையும் ஒரே விரலால் தள்ளிவிடக்கூடியவள். அந்த விரல் வலதுகைக் கட்டைவிரல். ஆறு மாதமாக அது மடங்குவதில்லை.

அக்கா சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். ஒருநாள் ஊசி துணியை விட்டுவிட்டு அவளைத் தைத்தது. காயம் ஆறியது, மூட்டு ஆறவில்லை. மிஷினிலிருந்து எழுப்பி, பிசிர் நூல் வெட்டுகிற மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. பேச்செல்லாம் விளக்குக்காரியைப் பற்றித்தான்.

விளக்குக்காரி என்பது வீடியோ கேம். இருண்ட ஊர்களில் ஒருத்தி தெருத்தெருவாக விளக்கேற்றிக்கொண்டே போவாள்; வெளிச்சம் தின்னும் மிருகம் பின்னாலேயே வரும். முதல் பாகம் வந்தபோது எனக்கு இரண்டு வயது; அக்கா மடியில் இருந்தேன். மூன்றாம் பாகம் வந்த வருஷம் அம்மா போனாள். ஐந்தாம் பாகத்தில் நான் செட்டிங்கில் இடது வலதை மாற்றிவைத்தேன்; அக்கா அரை நாள் சுவரில் முட்டிக்கொண்டாள். ஏழாவதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிப் பாகத்து மிருகத்திடம் அக்கா ஒன்பது நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். தாவித் தப்பிக்கிற பொத்தானைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும்.

"குடுக்கா, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தரேன்."

"தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். இத்தன வருஷம் என் கையால நடந்தவ. கடைசில கண்டவன் கையாலயா போவா?"

"நான் கண்டவனா?"

"ஒழுங்கா பள்ளிக்கூடம் போ. அப்புறம் தம்பின்னு ஒத்துக்கறேன்."

அடுத்த விடுமுறை நாளில் அவள் குளிக்கப் போன சமயம் செட்டிங்கில் 'கடினம்' என்பதை 'எளிது' என்று மாற்றிவைத்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அழவைக்காத முதல் திருட்டுத்தனம்.

வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் ஆடியிருப்பாள். "டேய், சோப்பு தீந்துபோச்சு, வாங்கிட்டு வா" என்றாள். பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. அலைந்து திரிந்து வர ஒரு மணி நேரம் ஆனது.

கதவைத் திறந்தபோது கன்ட்ரோலரை முழங்காலில் வைத்து, வலதுகையின் சுட்டுவிரலைக் கொக்கிபோல வளைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. மிருகம் சாய்ந்தது. நான் விசிலடித்தேன். எளிதுக்கே இந்தப் பாடா என்று மனசு கனத்தது.

விளக்குக்காரி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தன் விளக்கைத் தானே ஊதி அணைத்தாள். திரை இருண்டது. உழைத்தவர்கள் பெயர்கள் ஓடின. அக்கா கடைசிப் பெயர்வரை படித்தாள்.

"இனிமே அவ என்னக்கா பண்ணுவா?"

"சும்மா உக்காரவும் பழகணும்டா." கட்டைவிரலைத் தடவிக்கொண்டாள். "பழகிக்குவா."

எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"முத அடிக்கே அது மண்டி போட்டுச்சு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினாலு வருஷமா என்ன ஓட ஓட வெரட்டினது அது. எனக்குத் தெரியாதா? திரும்ப மாத்தி வெச்சேன். பதினோரு தடவ செத்தேன்."

நான் சோப்பைப் பார்த்தேன்.

"அத உள்ள வை. அங்க ஏற்கெனவே நாலு இருக்கு."